இசைத்தட்டு தாத்தாக்களின் சொத்தா?

ஆசிரியருக்கு, ஞாயிறு இணைப்பில் வந்த இசைத்தட்டுக் கட்டுரையைப் படித்தேன். வயதானவர்கள்தான் இன்னும் தட்டையும் கேசட்டையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், இளைஞர்களுக்குச் செல்போன் போதும் என்கிற தொனி. நிலவரம் கிட்டத்தட்ட தலைகீழ். அமெரிக்காவில் 2022-இல் சிடிக்களைவிட இசைத்தட்டுகள் அதிகம் விற்றன, 1987-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அந்த ஆண்டு அங்கே அதிகம் விற்ற தட்டு பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டுடையது, அதைத் தாத்தாக்களா போட்டி போட்டு வாங்கியிருப்பார்கள்? இங்கே பெரியவர்களைக் குறிவைத்து 2017-இல் வந்த கார்வான் என்கிற பாட்டுப் பெட்டியோ வெளியே பழைய ரேடியோ முகம், உள்ளே 5,000 பாடல்கள் ஏற்றிய டிஜிட்டல் சமாச்சாரம்.

என் அப்பா, நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போனவர், பென்டிரைவ் கைக்கு வந்ததுமே கேசட் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது அதை இறக்கித் தூசி தட்டுவது கல்லூரியில் படிக்கும் என் மகள். இரைச்சலைத் தினமும் சகித்தவருக்கு அதன்மேல் என்ன ஏக்கம் வரும்? (வயதாக ஆக உச்ச ஒலிகள் காதில் சரியாக விழாது, தட்டா டிஜிட்டலா, எது துல்லியம் என்கிற சண்டையெல்லாம் அவருக்கு எதற்கு!) சரி, ஒரு யோசனை: மாவட்ட மைய நூலகங்களில் ஒரு இசைத்தட்டுக் கருவியும் நாலைந்து ஹெட்போனும் வைத்து, வீடுகளில் கிடக்கும் தட்டுகளை நன்கொடையாகக் கேட்டு வாங்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போவதாவது குறையும்.