கிலோ நியூட்டன் கணக்கை முழுதாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் விமான இன்ஜின் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாவற்றிலும் அதன் உந்துவிசையை, அதாவது தள்ளும் விசையை, கிலோ நியூட்டனில் சொல்லும் ஒரே ஒரு எண்தான் வருகிறது. நாமே உருவாக்கிய காவேரி இன்ஜினுக்கு இலக்கு 81 கிலோ நியூட்டன், தேஜஸில் இருக்கும் அமெரிக்க எஃப்-404க்குச் சுமார் 85, பிரான்ஸின் சாஃப்ரானோடு சேர்ந்து செய்யப்போகும் புதிய இன்ஜினுக்கு 120. என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் வைவாவில் இதையே ஒப்பிக்கிறார்கள். எங்கே, எந்த வேகத்தில் அளந்த எண் என்று கேட்டால் பதில் இல்லை.

அது பெரும்பாலும் கடல் மட்டத்தில், இன்ஜின் நின்ற இடத்தில், ஆஃப்டர்பர்னரையும் (வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளை எரித்துக் கூடுதல் விசை தரும் பகுதி) போட்டு, காற்று 15 டிகிரியில் இருப்பதாக வைத்துச் சொல்லும் உந்துவிசை. சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 15 டிகிரியைப் பார்ப்பது அபூர்வம். 40 டிகிரி கத்திரி வெயிலில் காற்றின் அடர்த்தியே 8 சதவீதம் குறைந்துவிடும், அப்புறம் இன்ஜின் விழுங்கும் காற்றும் குறையத்தானே செய்யும்?

நின்ற இடத்தில் அளப்பதே லேசான வேலை இல்லை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சின்ன ஜெட் இன்ஜின் இருக்கிறது. எடைக்கல்லைத் தொங்கவிட்டு, விசையை அளக்கும் லோடு செல்லைச் சரிபார்த்துவிட்டு எரிபொருள் ட்யூபை மாட்டினால் காட்டும் எண் மாறிவிடும், ஏனென்றால் அந்த விறைப்பான ட்யூபும் விசையில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்கிறது. பெரிய இன்ஜின்களுக்கு இன்னொரு தொல்லை, மூடிய சோதனை அறைக்குள் இன்ஜினைச் சுற்றி ஓடும் காற்றே அதைப் பின்னுக்கு இழுப்பதால் லோடு செல் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதைத் திருத்தத் திறந்த வெளியில் ஓட்டிப் பார்த்த அளவோடு ஒப்பிட வேண்டும்.

ஆனால் உண்மையான சிக்கல் வேகத்தில்தான். மாக் 2-ல், அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், உயரத்தில், காற்று விநாடிக்குச் சுமார் 590 மீட்டர் வேகத்தில் உள்ளே வருகிறது. விநாடிக்கு ஒரு கிலோ காற்றை விழுங்கினால் 590 நியூட்டன் இழுவை, இதைத்தான் ராம் டிராக் என்கிறோம். அதே காற்று 1,000 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்த உந்துவிசை 1,000 நியூட்டன், மிஞ்சுவது 410 (எரிபொருளின் எடையை விட்டுவிடுவோம்). சம்பளச் சீட்டில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு அத்தனையும் கைக்கு வரும் என்று நினைக்கக்கூடாது, அவ்வளவுதான். இப்போது மொத்தத்தை அளப்பதில் 2 சதவீதம் பிசகினால் 20 நியூட்டன், அது மிஞ்சியதில் ஏறக்குறைய 5 சதவீதம். பறக்கும்போது லோடு செல்லை நம்பி உட்கார முடியாது, நாசிலில் (சூடான காற்று வெளியேறும் குழாயில்) உள்ள அழுத்தம், வெப்பம், எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதால் இந்தப் பிசகு சும்மா பயமுறுத்தல் இல்லை.

இழப்பும் இன்ஜினுக்குள் மட்டும் நடப்பதில்லை. மாக் 2 காற்றை ஒரே ஒரு நேர் அதிர்வலையில் (ஒலியை மிஞ்சும் காற்று சட்டென்று மெதுவாகும் மெல்லிய அடுக்கு) மெதுவாக்கினால் மொத்த அழுத்தத்தில் சுமார் 28 சதவீதம் போய்விடும், மாக் 3 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் கான்கார்டு பயணிகள் விமானத்தின் இன்டேக்கில் (காற்று நுழையும் வாயில்) அசையும் பலகைகளை வைத்துக் காற்றைப் பல சிறிய அதிர்வலைகளாகப் படிப்படியாக மெதுவாக்கினார்கள். அதில் மாக் 2-ல் இன்டேக் 63 சதவீதம், நாசில் 29, இன்ஜின் வெறும் 8 சதவீதம்தான் உந்துகிறது என்று வாட்ஸ்அப்பில் அதிசயமாகச் சுற்றுகிறது. எண்கள் சரி. ஆனால் எந்தச் சுவரில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்ற கணக்குதான் அது, இன்ஜினை அணைத்தால் அந்த 63-ம் போச்சு!

காற்றை அமுக்கச் சுழலும் பாகம் எதுவும் இல்லாமல், பறக்கும் வேகத்தாலேயே அமுக்கிக்கொள்ளும் ஸ்க்ராம்ஜெட் இன்ஜினின் கதை இன்னும் வேடிக்கை. 2016 ஆகஸ்ட் 28 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ மாக் 6 வேகத்தில் 5 விநாடி எரியவிட்ட அந்த இன்ஜினை மேடையில் நிறுத்தி வைத்தால் உந்துவிசை சுழியம். நம் தலைப்பு வழக்கப்படி அதற்கு என்ன எண் போடுவது?

ஆகவே நிருபர்களுக்கு ஒரு கோரிக்கை. எண்ணோடு உயரம், வேகம், வெப்பநிலை, ஆஃப்டர்பர்னர் உண்டா இல்லையா என்று ஒரு வரி சேருங்கள், அரை அங்குல இடம் போதும். அதைவிட முக்கியமாக, காவேரியின் உயரச் சோதனைக்கும், 2010 நவம்பரில் இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பதற்கும் நாம் ரஷ்யாவுக்குத்தான் போனோம். அந்த இல்யூஷின் ஒலி வேகத்தைத் தாண்டாத சரக்கு விமானம். ஒலியை மிஞ்சும் வேகத்தைத் தரையிலேயே காட்ட, அழுத்தத்தை உறிஞ்சிக் குறைத்து, நுழையும் காற்றைச் சூடேற்றித் தரும் பெரிய சோதனைக் கூடம் வேண்டும். 120 கிலோ நியூட்டன் இன்ஜினுக்கு அந்தக் கூடம் எங்கே, எப்போது என்று அடுத்த முறை அமைச்சரிடமோ அதிகாரியிடமோ மைக்கை நீட்டும்போது கேளுங்கள் சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.