வரிசையில் கழிந்த விடுமுறை

ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா
ஜனவரி 2

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நாங்கள் நால்வரும் நலமாக இருக்கிறோம். இந்தக் கடிதம் பொங்கலுக்குள் உங்கள் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. எப்படியும் எங்கள் பொங்கல் வாழ்த்துகளை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு புளோரிடாவில் உள்ள ஆர்லாண்டோவுக்கு, அங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றைப் பார்க்கச் சென்று வந்தோம். அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய நாட்டில் இத்தனை பேர் ஏன் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்?" என்று அப்பா கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இங்கிருந்து ஆர்லாண்டோ 700 கிலோமீட்டருக்கு மேல். எழுபத்தைந்தாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போகவேண்டும். அந்தச் சாலை வடக்கே மிச்சிகனில் தொடங்கி ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி வழியாக எங்கள் மாநிலத்துக்குள் வருகிறது. எங்களுக்கு முன்னும் பின்னும் அந்த மாநிலங்களின் எண்பலகை தாங்கிய வண்டிகள், கூரைமேல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, பின்னிருக்கையில் குழந்தைகளுடன் ஊர்ந்துகொண்டிருந்தன. இங்கே பெரும்பாலான பள்ளிகளுக்கு ஆண்டின் கடைசி வாரத்தில் விடுமுறை. பெற்றோரின் அலுவலகங்களும் அப்போதுதான் சற்று மூச்சுவிடும். ஆகவே, கூட்டம் பூங்காவின் வாசலில் உண்டாவதில்லை. பள்ளி நாட்காட்டியில் அது முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆர்லாண்டோ ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களும் சதுப்பு நிலமும் சூழ்ந்த சிறிய ஊர். 1960-களின் நடுவில் வால்ட் டிஸ்னியின் நிறுவனம், விலை ஏறிவிடக்கூடாது என்பதற்காக வேறு பெயர்களில் சிறு நிறுவனங்களை அமைத்து, ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை அங்கே சத்தமில்லாமல் வாங்கியது. 1966-இல் அவர் இறந்துவிட்டார். அந்த நிலத்தில் டிஸ்னியின் பூங்கா 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அதன்பிறகு மற்ற நிறுவனங்களும் அதே ஊரில் பூங்காக்களைக் கட்டின. கூட்டத்தின் தொல்லை இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது என்றும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் டிஸ்னியின் முதல் பூங்கா 1955 ஜூலை 17 அன்று திறந்தபோது, போலி அழைப்புச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டார்கள். வெயிலில் இளகிய புதிய தார்த்தரையில் பெண்களின் செருப்புக் குதிகள் புதைந்தன என்று அந்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் போனது ஆர்லாண்டோ பகுதியில் உள்ள பெரிய பூங்காக்களுள் ஒன்று. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். உள்ளே நுழைந்து, பெரியவன் பல மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டரை நோக்கி நடந்தோம். நாங்கள் சென்று சேர்வதற்குள் அதன் முன்பிருந்த பலகை, காத்திருக்கும் நேரம் 120 நிமிடம் என்று காட்டியது. சின்னவளுக்கு அதில் ஏற உயரம் போதாது. 40 அங்குலமாவது இருக்கவேண்டும். ஒருவர் குழந்தையோடு வெளியே இருந்துவிட்டு, மற்றவர் இறங்கிய பின் மீண்டும் வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஒழுங்கு இங்கே பல பூங்காக்களில் உண்டு. அது நல்ல ஏற்பாடு. ஆகவே முதலில் உங்கள் மாப்பிள்ளை பெரியவனோடு உள்ளே போனார். நான் சின்னவளோடு தள்ளுவண்டிகள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே வரிசை எப்படி அமைந்திருக்கிறது என்பதை மாப்பிள்ளை பிறகு விளக்கினார். நேராக ஒரு வரிசை இருந்தால் அதன் நீளத்தைப் பார்த்தே மக்கள் திரும்பிவிடுவார்கள் என்பதால் அதைப் பல கூடங்களாகப் பிரித்து, ஒரு கூடத்தில் நிற்பவருக்கு அடுத்தது கண்ணில் படாதபடி மடித்துக் கட்டியிருக்கிறார்களாம். ஒவ்வொரு திருப்பத்திலும் "வந்துவிட்டது" என்று பெரியவன் துள்ளுவதும், அங்கே இன்னொரு கூடம் நிறைய மனிதர்கள் நிற்பதைக் கண்டு சோர்வதுமாக அந்த இரண்டு மணி நேரம் கழிந்திருக்கிறது. சவாரி சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஆனாலும் இறங்கி ஓடிவந்தபோது அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சி உண்மையானது. நீங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான்.

என்னை வருத்தியது நீண்ட வரிசை அல்ல, அதன் பக்கத்திலேயே போகும் இன்னொரு குட்டையான வரிசை. நுழைவுச்சீட்டே ஓர் ஆளுக்கு நூறு டாலரை எளிதில் தாண்டும். அதற்கு மேலும் பணம் கட்டியவர்கள் அந்த இரண்டாம் வரிசையில் நம்மைக் கடந்து போகிறார்கள். டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் இது எல்லாருக்கும் இலவசமாகத்தான் தொடங்கியது. 2021-இல் கட்டண முறையாக மாறியது. மற்ற பூங்காக்களிலும் இப்படிப்பட்ட கட்டண வரிசைகள் உண்டு. ஒரு மணி நேரத்தில் அந்த வண்டி ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை மாறப்போவதில்லை. ஆகவே முந்திச் செல்பவர் மிச்சப்படுத்தும் நேரம் முழுவதும் பொது வரிசையில் நிற்பவரின் கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. "அவங்க மட்டும் ஏம்மா முன்னாடி போறாங்க?" என்று சின்னவள் கேட்டாள். அவர்கள் கூடுதலாகப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான்கு வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்ல நேர்ந்தது எனக்குக் கசப்பாக இருந்தது.

திருப்பதியில் முந்நூறு ரூபாய் தரிசனம் இல்லையா என்று அப்பா கேட்பீர்கள். இருக்கிறது, அது எனக்கும் ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. ஆனால் அங்கே இலவச தரிசனக் கூண்டில் அடைபட்டிருந்தபோது கோவிந்தா என்று ஒருவர் குரல் எடுத்தால் கூடம் முழுவதும் சேர்ந்துகொள்ளும். முன்பின் அறியாதவர்கள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். காத்திருப்பே வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. இங்கே காத்திருப்பு வெறும் இழப்பு. ஒவ்வொரு குடும்பமும் கைபேசியில் செயலியைத் திறந்து, எந்தச் சவாரியில் எத்தனை நிமிடம் என்று பார்த்து, கிடைத்த நாளிலிருந்து எவ்வளவு பிழிந்தெடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

பிற்பகலில் ஒரு காட்சியைக் கண்டேன். ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் களைத்துப்போய், படம் எடுக்க நிற்கமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதான். அவனுடைய தந்தை, இந்த நாளுக்காக எவ்வளவு செலவழித்திருக்கிறேன் தெரியுமா, எழுந்து சிரி என்று பலர் முன்னிலையில் கத்தினார். என்னால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆகவேண்டும் என்று இந்த நாட்டில் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. முதலாளி தருவதுதான் விடுப்பு. பலருக்கு அது ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அந்த மனிதர் ஓராண்டின் சேமிப்பையும் விடுப்பில் பாதியையும் ஒரே வாரத்தில் வைத்திருப்பார். அந்த வாரம் முழுவதும் மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடுமானால் அவர் எங்கே போய் முறையிடுவார்? அங்கு நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்களே. மகிழ்ச்சியை வேறெந்த நாளுக்கும் ஒத்திப்போட முடியாதவர்கள் ஒரே இடத்தில் கூடும்போது ஒருவருக்கொருவர் இடைஞ்சலாகிவிடுகிறார்கள். படத்தில் நீங்கள் கண்ட நெரிசலுக்கு நான் கண்ட காரணம் இதுதான்.

எல்லாரும் முகம் திருப்பிக்கொண்டு நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்லாண்டோவில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் மிகுதி. அப்படி ஒரு பாட்டி, படகுச் சவாரிக்கான வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி அதிகம் வராது. சின்னவள் சிணுங்கத் தொடங்கியதும், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏதோ பாட்டுச் சொல்லிச் சிரிக்கவைத்தார். நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றில் கொஞ்சம் கொடுத்தேன். காரம் பார்க்காமல் சாப்பிட்டார். அன்று முழுவதிலும் சின்னவளுக்கு நினைவில் நிற்பது அந்தப் பாட்டிதான். எந்தச் சவாரியில் ஏறினோம் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் நாளில், ஆர்லாண்டோவுக்கு வடக்கே புளூ ஸ்பிரிங் என்னும் மாநிலப் பூங்காவுக்குப் போனோம். ஆண்டு முழுவதும் 22 டிகிரி வெப்பத்தில் ஊறும் ஊற்று அது. குளிர்காலத்தில் ஆற்றுநீர் சில்லிட்டுவிடும்போது, நம் சேதுபாவாசத்திரக் கடலில் வாழும் கடற்பசுவுக்கு உறவான மானட்டி என்னும் விலங்குகள் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்குகின்றன. ஒரு காருக்கு ஆறு டாலர்தான் கட்டணம். அங்கேயும் கூட்டம் உண்டு. ஆனால் இடம் நிறைந்துவிட்டால் வாசலை மூடிவிடுகிறார்கள். வெளியே காத்திருக்க நேர்ந்தாலும், உள்ளே போனவர்கள் மரப்பாதையில் நிதானமாக நின்று பார்க்க முடிகிறது. பெரிய பூங்காக்களும் உள்ளே விடும் எண்ணிக்கையை இன்னும் குறைத்துக்கொண்டால், சீட்டு கிடைத்தவர்களாவது நிம்மதியாக ஒரு நாளைக் கழிப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் இருவரும் வரும்போது பேரப்பிள்ளைகளோடு ஆர்லாண்டோவின் அந்தப் பெரிய பூங்காவைப் பார்க்கவேண்டும் என்று அம்மா ஆசைப்படுவது எனக்குத் தெரியும். கட்டாயம் போகலாம், ஆனால் பள்ளி விடுமுறையில் வேண்டாம். செப்டம்பரில் கூட்டம் குறையும் என்றாலும் வெக்கையும் புயல் மழையும் இருக்கும். ஜனவரி மூன்றாம் திங்களன்று வரும் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை முடிந்ததும் ஓரிரு வாரம் நெரிசல் தணிந்து, வெயிலும் இதமாக இருக்கும். குழந்தைகளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே நடை மிக அதிகம். வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், அம்மா கூச்சப்படாமல் அதில் உட்காரச் சம்மதிக்கவேண்டும். அப்பாவின் கடவுச்சீட்டு எந்த மாதம் வரை செல்லும் என்று பார்த்து எழுதுங்கள். அது தெரிந்தால்தான் விசாவுக்கு நாள் பார்க்க முடியும்.

தங்கள் அன்பு மகள்