பரங்கிக்காய்க்குப் பின்னால் இருந்த கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அமெரிக்காவில் உன் போட்டோகிராபி வகுப்புக்காக, இந்த இலையுதிர்காலத்தில் எடுத்த படங்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். அம்மா ஒரே தடவைதான் படித்தாள், ஆனால் நான்காம் பக்கத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னைக் கேட்காமல் என் படத்தைப் பொதுவில் போட்ட ஓர் உறவினர்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த உறவினர் யார் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உன் பேராசிரியர் யாரோ தூரத்துச் சித்தப்பா என்று நினைத்துக்கொள்வார். மானத்தைக் காப்பாற்றினாய், நன்றி.

போனில் இதை எடுத்தால் நீ "சரிப்பா, விடுங்கப்பா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நேற்று ராத்திரி மறுபடி திறந்து பார்த்தேன். அக்டோபர் கடைசி ராத்திரி வரும் ஹாலோவீனுக்கு நீ செதுக்கிய பரங்கிக்காய். (கட்டுரையில் பூசணி என்று எழுதியிருக்கிறாய். பூசணி வேறு, இது பரங்கி. பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால் வந்த பெயர். அந்தக் காயின் சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு நீ பெயரை மாற்றலாமா? இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த அயர்லாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா வந்த பிறகுதான் இவ்வளவு பெரிய, குடைய வசதியான காய் கையில் கிடைத்தது.) சூரியன் மறைந்து கால் மணி நேரத்தில் எடுத்திருக்கிறாய். வானத்தில் நீலம் மிச்சம் இருக்கிறது, உள்ளே மெழுகுவத்தி ஆரஞ்சாக எரிகிறது. ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் ஒளிக்கு வைத்திருந்தாய் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் கேமரா அந்த ஆரஞ்சைத் திருத்துகிறேன் பேர்வழி என்று சோகையாக்கியிருக்கும். ட்ரைபாட் இல்லாமல் நாற்காலியில் கேமராவை வைத்து எடுத்தாய் என்று சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் ஃபேஸ்புக்கில் போட்டேன்.

போடும்போது பரங்கிக்காயை மட்டும்தான் பார்த்தேன். நேற்று பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தேன். வலது மூலையில் பாதி திறந்த கதவு. கதவில் அறை எண், மூன்று இலக்கமும் தெளிவாக. கதவுக்கு உள்பக்கம் கொக்கியில் உன் அடையாள அட்டை தொங்குகிறது, முகம் மங்கல், ஆனால் பார்கோடு மங்கல் இல்லை. இடதுபுறம் ஜன்னல் கண்ணாடியில் எதிர்க் கட்டடத்தின் கூம்புக் கூரை. முன்பின் தெரியாத ஒருவர் படத்துக்குக் கீழே கமெண்டில் வந்து உன் விடுதியின் பெயரைச் சரியாகச் சொல்லி, "மாடிதானே?" என்று கேட்டிருந்தார். அது எனக்கு நட்பாகத்தான் பட்டது. "ஆமாம்" என்று பதில் வேறு போட்டேன். நீ அழைத்து, குரலை உயர்த்தாமல், "அப்பா, இப்பவே எடுத்துடுங்க" என்றாய். எடுத்தேன். ஆனால் இரண்டு நாள் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. மகள் படத்தை அப்பா போடக்கூடாதா என்று ஒரு ரோஷம். தப்பு என்னுடையது, பாப்பா. ரோஷமும் சேர்த்து.

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஒன்று வீணானாலும் வயிறு எரியும். அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன் நாலு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அழுத்துவோம். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறதா, யாருடைய கை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று. உனக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் அதுதான். நடுவில் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், ஓரத்தைப் பார் என்பேன். உனக்குப் பாடம் எடுத்துவிட்டு நான் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால், நல்ல படத்துக்கும் பத்திரமான படத்துக்கும் வேலை ஒன்றுதான். அறை எண்ணும் பார்கோடும் ஜன்னலில் தெரிந்த கூரையும் ஓரத்தில்தான் இருந்தன.

எனக்குத் துணைக்கு இரண்டு அப்பாக்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், கேள். 1957-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் ஒரு ஸ்கேனரை உருவாக்கி, முதல் தடவையாக ஒரு புகைப்படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். 176-க்கு 176 புள்ளிகள், அவ்வளவுதான். படத்தில் இருந்தது அவருடைய மூன்று மாதப் பையன். அப்புறம் 1997 ஜூனில், கலிபோர்னியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், பிலிப் கான் என்பவர் டிஜிட்டல் கேமராவையும் செல்போனையும் லேப்டாப்பையும் கோத்துக்கட்டி, அப்போதுதான் பிறந்த மகளின் படத்தை 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார். செல்போன் வழியாக அப்படிப் படம் பரிமாறியதில் முன்னோடி அதுதான் என்கிறார்கள். ஆக, இந்த முழுத் தொழில்நுட்பமும் பிள்ளையைக் காட்ட ஆசைப்பட்ட அப்பாக்களிடமிருந்து வந்தது என்று உன்னிடம் வாதாடலாம் என்றிருந்தேன். அம்மா கேட்டாள்: "அந்தக் குழந்தைங்களுக்கு வாய் இல்லை. இவளுக்கு இருக்கே?" வாதம் அங்கேயே முடிந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது உனக்குத் தெரியாது. "ஒரிஜினலா அனுப்பு, டாக்குமெண்டா அனுப்பு" என்று உன்னை நச்சரிப்பேன் அல்லவா? வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அதோடு படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவலையும் உதிர்த்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே வரும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் பார்க்கலாம் என்பதுதான் என் ஆசை. ஆனால் போனில் எடுத்த படங்களில் அதற்குக் கீழேயே அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கிறது. தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். உன் படத்தில் ஆறு இலக்கம் இருந்தது. அந்தக் கோப்புகளை என் பழைய கேமரா நண்பர்கள் ஐந்தாறு பேருக்கு மின்னஞ்சலில் தள்ளியிருக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் யாருக்குத் தள்ளினார்கள் என்று நான் எங்கே போய்க் கேட்க?

2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபிக்கு நடந்தது இதுதான். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர் வாங்கிய மனிதர், பெலீஸ் நாட்டுப் போலீசுக்குத் தட்டுப்படாமல் ஒளிந்திருந்தார். கூடவே போன பத்திரிகையாளர்கள் அவரோடு எடுத்த படத்தை ஐபோனில் எடுத்தபடியே வெளியிட்டார்கள். படத்துக்குள் இருந்த எண்கள் அவர் பக்கத்து நாடான குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. சில நாளில் அங்கே பிடிபட்டார். ஊர் கம்ப்யூட்டருக்கெல்லாம் பூட்டுப் போட்டவர் கதையே இப்படி என்றால் உன் அப்பன் எம்மாத்திரம்.

அதற்காக இருப்பிடத்தை ஒரேயடியாக அணைத்துவிடு என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷம் கழித்து இந்த மரம் எந்தத் தெருவில் நின்றது என்று நீயே தேடுவாய். உன் ஆல்பத்தில் இருக்கட்டும். வெளியே அனுப்பும்போது மட்டும் கழற்றிவிடு. ஐபோனில் பகிரும் திரையின் மேலேயே 'ஆப்ஷன்ஸ்' இருக்கிறது, அதில் இருப்பிடத்தை நிறுத்தலாம். நான் இனிமேல் டாக்குமெண்டாகக் கேட்க மாட்டேன். ஷட்டர் வேகத்தை வாயால் சொல்லு, போதும்.

மேப்பிள் இலைப் படங்களுக்கு வருகிறேன். ஒன்று பிரமாதம், மற்றவை சுமார். நட்ட நடுப்பகல் வெயிலில் எடுத்ததால் இலைமேல் வெள்ளைப் பளபளப்பு. சிவப்பு நிறம் கேமராவில் சீக்கிரம் வழிந்துவிடும், நரம்பெல்லாம் கரைந்து ஒரே சாயம் பூசியது போல ஆகிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வை. பளபளப்பை வடிகட்டும் போலரைசர் கண்ணாடி ஒன்று வாங்கி லென்ஸில் மாட்டி, மெதுவாகத் திருப்பிப் பார். ஓர் இடத்தில் பளபளப்பு சட்டென்று விலகி, இலையின் உள்நிறம் வெளியே வரும். மேகம் போட்ட நாளில் போனால் பாதிச் சிரமம் தானே குறையும்.

அதே பக்கத்தில் "சாகும்போது இலை நிறம் மாறுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அங்கே இன்னும் விஷயம் இருக்கிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுக்க உள்ளேயே இருக்கும், பச்சையம் மறைத்துக்கொண்டிருக்கும். பச்சையம் சிதைந்தால் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. கடைசி நாள்களில், இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரி உறையாத குளிர் என்று அமைந்த வருஷத்தில் சிவப்பு அதிகம். உதிரப்போகிற இலைக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று தாவரவியல்காரர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோடைக்காக முன்னால் வைத்த கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் ராத்திரியைப் பற்றி எழுதியது எனக்குப் பிடித்தது. நவம்பர் முதல் ஞாயிறு, இரண்டு மணி ஆகும்போது மறுபடி ஒரு மணி. ஒன்றரை மணி இரண்டு தடவை வந்தது என்று சிரித்திருக்கிறாய். போன் தானாக மாறிக்கொள்ளும், ஆனால் உன் பெரிய கேமராவுக்கு நீதான் மெனுவில் போய் மாற்ற வேண்டும். மாற்றினாயா? இல்லாவிட்டால் இரண்டின் படங்களையும் ஒன்றாக அடுக்கும்போது வரிசை குழம்பும். எங்களுக்கும் உனக்கும் இருந்த ஒன்பதரை மணி நேரம் இப்போது பத்தரை ஆகிவிட்டது. அம்மா இன்னும் பழைய கணக்கில் உன்னை எழுப்பிக்கொண்டிருக்கிறாள், பொறுத்துக்கொள்.

அக்டோபர் அங்கே இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு மாதம் என்பது நீ எழுதித்தான் தெரிந்தது. 2004-லிருந்தே நடக்கிறதாமே. பாஸ்வேர்டு போஸ்டருக்குப் பக்கத்திலேயே எலும்புக்கூடு தொங்கியது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படம் எங்கே? அதை எடுக்காமல் விட்டுவிட்டாயா?

ஆனால் உன் கட்டுரையில் என்னை உட்கார வைத்த இடம் நவம்பர் 11. முதல் உலகப்போர் நின்ற நாள். போர் நிறுத்த நாள் என்றிருந்ததை 1954-ல் முன்னாள் படைவீரர் நாள் ஆக்கினார்கள். ஊர்வலம் முடிந்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த முதியவரைப் படம் எடுக்க நினைத்தாய். பொது இடம், கேட்காமல் எடுத்தாலும் அங்கே சட்டம் ஒன்றும் சொல்லாது என்று நீயே எழுதியிருக்கிறாய். இருந்தும் போய்க் கேட்டாய். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "என் கைகளை மட்டும் எடு" என்றார். எடுத்தாய். முட்டியில் சுருக்கம், நகத்தடியில் கறுப்பு, ஒரு விரலில் மோதிரத் தடம், மோதிரம் இல்லை. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் இருந்திருந்தால் ஊர்வலத்துப் படங்களில் இன்னொன்றாகப் போயிருக்கும். யாரென்றே தெரியாதவரிடம் நீ கேட்டதை நான் உன்னிடம் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்து உனக்கு நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை. நவம்பர் நாலாவது வியாழன் என்று 1941-ல் சட்டம் போட்டு நிலைநிறுத்தியிருக்கிறார்கள், அதற்கு முன் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் இழுத்து, நாட்டில் பாதி ஒரு நாளும் மீதி ஒரு நாளும் கொண்டாடிய கூத்தெல்லாம் நடந்தது. தோழி வீட்டுக்கு விமானத்தில் போகிறாய். போர்டிங் பாஸைப் படம் எடுத்துப் போட வேண்டாம். அந்தப் பார்கோடுக்குள் முன்பதிவு எண் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவனுக்கு அது போதும். ஊரில் இல்லை என்பதைத் திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னாய். அவர்களை எடுப்பதற்கு முன் அவர்கள் அம்மாவிடம் கேட்பாய், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் பழைய படங்கள், பள்ளிக்கூடத்து நாள்களிலிருந்து நான் போட்டவை, 212 இருக்கின்றன. நேற்று எண்ணினேன். எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிட்டேன். எவை திரும்ப வரலாம் என்று நீ பார்த்துச் சொல்லு. பல் விழுந்த படத்துக்கு மட்டும் கொஞ்சம் கருணை காட்டு.

கடைசியாக ஒன்று. குரலைக்கூட இப்போது நகல் எடுத்து, பிள்ளை ஆபத்தில் இருப்பது போல அழவைத்துப் பணம் கேட்கிறார்களாம். உங்கள் ஊர் வணிக ஆணையமே 2023-ல் எச்சரித்திருக்கிறது. நம் மூன்று பேருக்கும் ஒரு சொல் வேண்டும், நடுராத்திரியில் அழுதுகொண்டு யார் அழைத்தாலும் அம்மா முதலில் கேட்க. அம்மா ஒன்று யோசித்து வைத்திருக்கிறாள். நீ மூன்று வயதில் கேமராவுக்கு வைத்த பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது நீயே சொல், ஞாபகம் இருக்கிறதா பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா