'மாடு' என்பதை அடித்து 'ஒட்டகம்' என்று எழுதினால் போதுமா?

மாவட்ட விலங்குவதைத் தடுப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடற்கரையில் சவாரிக்கு விட்டிருந்த நான்கு ஒட்டகங்களை நீங்கள் பறிமுதல் செய்து காப்பகத்தில் சேர்த்த கதையை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பெரிய பெட்டை போன வாரம் செத்துப்போனதும் உங்களுக்குத் தெரியும். அறுத்துப் பார்த்தபோது பக்கத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன், கூப்பிட்டார்கள், போனேன்.

வயிற்றின் முதல் அறை முழுக்க வைக்கோல் திரிதிரியாக அடைந்து கிடந்தது. நடுநடுவே புளித்த சோறு. திமிலைக் கீறினால் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தொளதொளத்த தோல்தான் மிச்சம்.

தீவனப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். படிவத்தில் அச்சாகியிருந்த 'மாடு' என்பதை நீல மையால் அடித்து மேலே 'ஒட்டகம்' என்று எழுதியிருந்தார்கள். அதோடு சரி. எதிரே 'வைக்கோல் 8 கிலோ, மாலையில் மண்டபச் சோறு' என்பது அப்படியே நின்றது. அளவில் குறை சொல்ல முடியாது. வயிறு நிறைந்துதான் அது பட்டினி கிடந்தது.

"ஒட்டகம்தானே சார், முள்ளையே தின்னும்" என்றார் அங்கிருந்த ஒருவர். தின்னும்தான். ராஜஸ்தானில் நாள் முழுக்க நடந்துகொண்டே ஒரு செடியில் இரண்டு வாய், அடுத்ததில் மூன்று வாய் என்று பொறுக்கித் தின்னும். நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. அதன் தழையும் இலந்தைத் தழையும் அதற்கு அன்றாடச் சாப்பாடு. முள்ளுக்கு நடுவே இருக்கும் இலையில் புரதம் இருக்கிறது. வைக்கோலில் இருப்பது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான்.

புரதம் குறைந்தால் ஒட்டகம் சமாளிக்கும் என்பதும் உண்மை. மாட்டைப்போல அசைபோட்டாலும் அதற்கு வயிற்றில் மூன்றே அறைகள். தீவனத்தில் புரதம் குறையும்போது அதன் சிறுநீரகம், சிறுநீரோடு போக வேண்டிய யூரியா என்ற கழிவை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அது ரத்தத்தின் வழியாகவும் உமிழ்நீரோடும் முன்வயிற்றுக்குத் திரும்பி வரும். அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை வைத்துத் தங்கள் உடம்பை வளர்க்கும். பிறகு அந்த நுண்ணுயிர்களே செரித்து ஒட்டகத்துக்குப் புரதமாகும். இவ்வளவு சிக்கனமான பிராணி வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் முதலே போடாத கடையில் எவ்வளவு சிக்கனம் பார்த்து என்ன பயன்? அதன் மேல் அண்டாச் சோற்றைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி அந்த நுண்ணுயிர்களே அழிந்துபோகும். இருந்த ஒரே வழியையும் நாமே அடைத்தோம்.

இன்னொன்று. காவலாளிப் பெரியவர் வேலியில் காயப்போட்ட வியர்வைச் சட்டையை அந்தப் பெட்டை தினமும் நக்குமாம். "குறும்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், பாவம். அது குறும்பில்லை, உப்புக்கான தவிப்பு. மாட்டைவிட ஒட்டகத்துக்கு உப்பு பல மடங்கு வேண்டும். உப்பு என்ற சொல்லே உங்கள் பதிவேட்டில் இல்லை.

சவாரி விட்ட ராஜஸ்தான்காரர் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. மூக்குக்குச்சிப் புண்ணை நானும் பார்த்தேன். ஆனால் அவர் சந்தையில் கடலைக்கொடி தேடி வாங்கிப் போட்டார். மீட்ட நாம் வைக்கோல் போட்டோம்.

2012 கணக்கெடுப்பில் நாட்டில் நான்கு லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019இல் இரண்டரை லட்சம். அடுத்த கணக்கெடுப்புக்கு நம் மாவட்டத்தின் பங்காக ஒன்றைக் குறைத்தாயிற்று. மீட்பு நாளன்று எடுத்த படத்தில் உங்களில் பதினோரு பேர் மாலையோடு நிற்கிறீர்கள். பிகானேரில் 1984 முதல் ஒட்டகத்துக்கென்றே ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஒரு போன் போட்டு "இது என்ன தின்னும்?" என்று கேட்க அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: மிச்சமிருக்கும் மூன்றுக்கும் சோற்றை இன்றைக்கே நிறுத்துங்கள். வைக்கோலைப் பத்துப் பதினைந்து நாளில் சிறுகச் சிறுகக் குறைத்து, கடலைக்கொடியும் அகத்தி, வேம்பு, இலந்தைத் தழைகளும் கொடுங்கள். உப்புக்கட்டி கட்டித் தொங்கவிடுங்கள். காலையிலும் மாலையிலும் வெளியே நடத்திக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன், அந்தச் சோற்றை உடனேயும் வைக்கோலைச் சிறுகச் சிறுகவும் நிறுத்துங்கள்.

மூன்றில் சின்னதற்குத் திமில் சாயத் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை என் செலவில் ஒரு டிராக்டர் கடலைக்கொடி வரும். அதைப் பதிவேட்டில் எந்த இடத்தில் எழுதுவது என்று பிறகு பேசிக்கொள்ளலாம். வாசலை மட்டும் தயவுசெய்து திறந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்