விடுமுறை முகாமில் விரிவுரை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

உயர்தர வகுப்பு மாணவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பை முன்கூட்டிக் காட்டும் வதிவிட முகாம் நடத்த வன்னியில் இடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உண்டு; 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் உண்டு.

ஆனால் நாள் முழுக்க விரிவுரை வைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள். ஆய்வுகூடத்துக்கு விடுங்கள். திரவத்தை அளந்து சொட்டுச்சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒன்றுக்கு இருவருக்கு மேல் வேண்டாம். நுனியில் காற்றுக்குமிழ் நின்றாலும், மேலே புனலை எடுக்க மறந்தாலும் வாசிப்புப் பிழைக்கும். இதெல்லாம் கொப்பியில் எழுதி வருவதில்லை.

முதல் நாளில் பாடம் வைக்கவேண்டாம். துணுக்காய் போன்ற தூர இடத்துப் பிள்ளைகள் பஸ் மாறி வந்துசேரப் பொழுதுபட்டுவிடும். விடுதியில் பெண் பொறுப்பாளர் இரவும் தங்குவார் என்று சம்மதப் படிவத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் பெண்பிள்ளைகளை விடமாட்டார்கள். நுளம்புவலையும் ஆளுக்கொன்று வேண்டும்.

ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி