நல்ல செல்லும் சேர்ந்து செத்துப்போச்சு என்றாயே

அம்மாடி,

இங்கே எல்லோரும் நலம். நீ போன் செய்யவில்லையே என்று இதை எழுதவில்லை. வேலை இருக்கும், தெரியும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி லேப்பிலிருந்து தனியாக நடந்து வராதே. சிகாகோவில் பனி கொட்டுவதைச் செய்தியில் காட்டினார்கள்.

கடைசியாகப் பேசியபோது உன் லேப் சோதனையைப் பற்றி, "புற்றுநோய் செல்லோடு நல்ல செல்லும் சேர்ந்து செத்துப்போச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். 19 நாள் ஆகிறது. அம்மா திதிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

நீ சொன்னதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சூடோமோனாஸ், புண்ணில் பச்சையாகச் சீழ் வைக்கிற கிருமி. அதனிடம் அசூரின் என்று ஒரு புரதம். செம்பு இருப்பதால் நீல நிறம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ், செல்லுக்குக் காவல் இருக்கும் பி53 என்ற புரதத்தை அழித்துவிடுகிறது. அசூரின் அந்தக் காவல்காரனைப் பற்றிக்கொண்டு அழியாமல் பார்த்துக்கொள்ளும், அவன் கெட்ட செல்லைச் சாக வைப்பான். உங்கள் ஊர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆனந்த சக்கரவர்த்தி குழுவினர் மார்பகப் புற்றுநோய் செல்லில் கண்டது அது. அம்மாவுக்கு வந்த கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் நடக்குமா என்பது உன் சோதனை. டீக்கடையில் இதை நான் விளக்கியபோது ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

நீ தட்டில் வளர்க்கும் ஹீலா செல், அதே புற்றுநோய் வந்த ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அம்மாளிடம் 1951-இல் கேட்காமலே எடுத்தது என்றாய். 31 வயது, 5 பிள்ளைகள், அந்த வருஷமே போய்விட்டார் என்று நீ சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

கீழ வயலில் களைக்கொல்லி அடித்து நாற்றும் கருகியதே, நினைவிருக்கிறதா? மருந்து கெட்டதில்லை, அளவு கூடிவிட்டது. அளவைக் குறைத்துப் பார். புரதத்தோடு, அதைச் செய்ய வளர்க்கும் ஈ.கோலை கிருமியின் நஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும், சுத்தமாக நீக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய், அதையும் பார். சாப்பிட்டுவிட்டுப் பார். அளவைக் குறை.

அம்மா வெட்கப்பட்டு புற்றுநோய் டெஸ்டுக்குப் போகவில்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். நர்ஸம்மா நம் திண்ணையில் உட்கார்ந்து, கருப்பைவாயில் வினிகர் மாதிரி ஒரு தண்ணீரைத் தடவிப் பார்ப்பார்கள், வெள்ளையாக மாறினால் மேற்கொண்டு பார்க்கலாம், காசு வேண்டாம் என்றார். அம்மா செருப்பை மாட்டிவிட்டாள். "அறுப்பு முடியட்டும்" என்றது நான்தான். தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆனவளின் துணி, கறை போகாமல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காய்ந்ததை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இத்தனை வருஷம் நீ அவள் மேல் வருத்தப்பட்டாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அண்ணியை அதே டெஸ்டுக்கு நானே வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வேப்பமரத்தடியில் நின்றேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து நிமிஷம்தான் ஆனது, அம்மாடி. ஐந்தே நிமிஷம்.

திட்டுவதற்காவது கூப்பிடு. காலை 5 மணிக்குப் பால் கறக்க எழுந்துவிடுவேன், உனக்கு அப்போது சாயங்காலம். போனைக் கொட்டகைக்கும் எடுத்துப்போகிறேன்.

அப்பா