நீ கேட்ட அந்த வசனம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு உள்ளூரிலேயே வேலை அமைந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது, பொடி எழுத்தும் இப்போது தெரிகிறது, முதலில் எடுத்தது அம்மாவின் வேதாகமத்தைத்தான்.

வேதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று உங்கள் போதகர் பிரசங்கித்தது மனதை நெருடுகிறது என்று எழுதியிருந்தாய். சரி, ஒன்று செய். நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7-ஐ எடு. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூன்று சாட்சிகள். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் பிதாவும் வார்த்தையும் அங்கே இல்லை, ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான். யாரும் வெட்டிவிடவில்லை, பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரியே கிடையாது, அது லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, அப்புறம் அவர் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு கிரேக்கப் பிரதியில் அந்த வரி இருப்பதைக் காட்டினார்கள், அதனால் 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார்.

எனக்கு வலித்தது வேறு இடம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, யோவான் எட்டாம் அதிகாரம், நான்காம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்ட சினாய், வத்திக்கான் என்ற பழைய கிரேக்க வேதாகமப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. அம்மா அழுதுகொண்டே வாசிப்பாளே, அந்தக் கதை. அது தெரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் அதை நான் விடமாட்டேன், இயேசு அப்படித்தான் செய்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

வேதத்தில் பிழையே இல்லை என்று நம்புகிற கிறிஸ்தவ அறிஞர்கள் 1978-இல் சிகாகோவில் கூடி, அந்தப் பிழையின்மை ஆதியில் எழுதப்பட்ட மூலப்பிரதிக்குத்தான் என்று அறிக்கை எழுதினார்கள். நேர்மையான பேச்சுதான், ஆனால் அந்த மூலம் ஒன்றுகூட நம்மிடம் இல்லையே, நாம் கையில் வைத்து ஜெபிப்பது பிரதியின் பிரதியைத்தானே?

இன்னொன்று. வத்திக்கான் பிரதியில் எபிரெயர் 1:3-இல் 'தாங்குகிறவர்' என்று இருக்கவேண்டிய இடத்தில் முதலில் நகலெடுத்தவர் 'வெளிப்படுத்துகிறவர்' என்று எழுதியிருக்கிறார். ஒருவர் அதைத் திருத்த, பல நூற்றாண்டு கழித்து வேறொருவர் பழையபடி மாற்றி, "அறிவிலியே, கெட்டவனே, பழையதை விட்டுவை, மாற்றாதே" என்று ஓரத்தில் திட்டி வைத்திருக்கிறார். மற்றப் பிரதிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'தாங்குகிறவர்'தான். பாவம், வேதத்தைக் காக்கிறோம் என்று நினைத்து அவர் காத்தது ஒரு எழுத்துப் பிழையை. அவர் பக்தியை நான் சந்தேகப்படவில்லை, உங்கள் போதகருடையதையும்தான். அவரிடம் சண்டை போடாதே, இரண்டு மொழிபெயர்ப்பையும் எடுத்துப்போய் பக்கத்தில் உட்கார்ந்து காட்டு.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய்தானே?

உன் நண்பன்